அத்தியாயம் 9: குளிர்காலத்துக்குத் தடாகத்தை மூடுதல்

மார்க்கம், ஸ்காபரோ, ஏஜாக்ஸ், பிரம்ப்டன் என்று ரொறன்ரோவைச் சுற்றிய இடங்களில், பின்வளவில் நீச்சல் தடாகம் இருக்கும் வீட்டை வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை அது பிள்ளைகளின் இடம். செப்டெம்பர் பாதிக்குப் பிறகு அது வீட்டுக்காரரின் பொறுப்பு. கோடையில் ஒரு கிழமை பராமரிப்பைத் தவறவிட்டால் தண்ணீர் பச்சையாகும். மருந்து போட்டுத் திருத்திவிடலாம். குளிர்காலத்துக்கு மூடும்போது ஒரு படியைத் தவறவிட்டால் குழாய் வெடிக்கும். திருத்துவதற்குச் சீமெந்துத் தளத்தை உடைக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த நூலின் மற்ற அத்தியாயங்களை விட இதை நிதானமாகப் படியுங்கள்.

மூடும் வேலைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே விதி: தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும், குழாயில் தண்ணீர் இருக்கக் கூடாது. இந்த விதியின் காரணம் விளங்கிவிட்டால், பின்னால் வரும் படிகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

## குளிர் என்ன செய்கிறது?

தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். திறந்த தொட்டியில் பனிக்கட்டி மேல்நோக்கிப் பெருக்க இடமுண்டு. பிவிசி குழாய்க்குள்ளும், பம்பின் வயிற்றுக்குள்ளும், வடிகட்டியின் வால்வுக்குள்ளும் அகப்பட்ட தண்ணீருக்கு அந்த இடம் இல்லை. அது சுவரைப் பிளக்கும்.

தென் ஒன்ராறியோவில் உறைபனி நிலத்துக்குள் ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் வரை இறங்கலாம். வீட்டு அத்திவாரங்களை அந்த ஆழத்துக்குக் கீழே போடுவது இதனால்தான். தடாகத்தின் குழாய்களோ பெரும்பாலும் அதைவிட மேலேயே புதைந்திருக்கும். மண்ணுக்குள் கிடப்பதால் அவற்றுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜனவரியில் வெடிக்கும் குழாய் அப்போது சத்தம் காட்டாது. மே மாதம் பம்பைப் போட்ட பிறகுதான் அழுத்தமானி ஏறாமல் நிற்கும். பம்பின் கண்ணாடி மூடிக்குள் காற்றுக் குமிழிகள் ஓடும். தளத்தின் ஓரத்தில் மண் ஈரமாகும். ஒக்டோபரில் செய்த வேலைக்கு மே மாதத்தில்தான் தீர்ப்பு வரும்.

## தடாகத்தை வெறுமையாக்க வேண்டாம்

ஊரில் கிணறு இறைத்துப் பழகியவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் கோடையில் கிணற்றைக் கடைசி வாளி வரை இறைத்து, சேறு வாரி, பாசி உரசிக் கழுவுவோம். அது கிணற்றுக்கு நல்லது. ஊற்றுநீர் உள்ளே வருவதற்காகவே கிணறு வெட்டப்பட்டது. தடாகம் அப்படியல்ல. நிலத்தடி நீர் உள்ளே வராதபடி அடைக்கப்பட்ட பாத்திரம் அது. உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் வெளியே இருக்கும் மண்ணின் அழுத்தத்தையும் நிலத்தடி நீரின் அழுத்தத்தையும் சமன் செய்கிறது.

தண்ணீரை முழுவதும் இறைத்துவிட்டால் மூன்று விதமான கேடுகள் வரும். ஃபைபர்கிளாஸ் தொட்டி நிலத்திலிருந்து மிதந்து எழும்பலாம், அல்லது அதன் சுவர் உட்புறமாக வளையலாம். கொங்கிறீட் தொட்டியில் வெடிப்பு விழலாம். வினைல் லைனர் போட்ட தொட்டியில், பாரம் இல்லாத லைனர் சுருங்கி மூலைகளிலிருந்து விலகும். குளிரில் விறைத்துப்போன அதை மீண்டும் இழுத்து நிரப்பும்போது கிழியும். எனவே மூடும்போது நீர்மட்டத்தைச் சற்றுக் குறைப்போம். தொட்டியை வெறுமையாக்க மாட்டோம்.

## எப்போது மூடுவது?

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், தண்ணீரின் வெப்பமானியைப் பாருங்கள். நீரின் வெப்பம் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றால் மூடலாம். அந்த வெப்பத்தில் பாசியின் வளர்ச்சி வெகுவாக மந்தமாகிவிடும். 20 பாகையில் அவசரப்பட்டு மூடினால், மூடுதுணிக்குக் கீழே இன்னும் பல கிழமைகளுக்குப் பாசி வளரும். வசந்தத்தில் பச்சைக் குழம்புதான் வரவேற்கும்.

ரொறன்ரோப் பகுதியில் இந்த நேரம் பெரும்பாலும் செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் அமையும். ஒக்டோபரின் இரண்டாவது திங்கட்கிழமை வரும் தாங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதி பலருக்கு வசதியான நாள். பின்வளவில் மேப்பிள், ஓக் மரங்கள் இருந்தால் இலை உதிர்ந்து முடியும் வரை காத்திருப்பது ஒரு வழி. இலைவலையைத் தடாகத்தின் மேல் விரித்துவிட்டு, மூடும் நாளில் வலையோடு இலைகளைத் தூக்கி எடுப்பது இன்னொரு வழி.

மூடுவதற்கு முன்பே எதிர்பாராமல் ஓர் உறைபனி இரவு வந்துவிட்டால், பம்பை அந்த இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஓடும் தண்ணீர் எளிதில் உறையாது. அது ஓரிரு இரவுகளுக்கான பாதுகாப்பு மட்டுமே.

## ஒரு கிழமைக்கு முன்: தண்ணீரைத் தயார் செய்தல்

மூடிய பிறகு ஆறேழு மாதங்களுக்கு அந்தத் தண்ணீரைத் தொடப் போவதில்லை. அதனால் அழுக்கான தண்ணீரை மூடி வைக்கக் கூடாது.

துப்புரவு. மிதப்பதை வலையால் அள்ளுங்கள். சுவரையும் படிகளையும் தூரிகையால் தேயுங்கள். அடியை வக்கூம் செய்யுங்கள். அடியில் கிடக்கும் இலைகளின் சாயம் லைனரிலும் பூச்சிலும் பழுப்புக் கறையாக இறங்கும். அவை அழுகும்போது குளோரீனையும் தின்றுவிடும்.

அளவுகள். தண்ணீரைச் சோதித்து இந்த எல்லைக்குள் கொண்டு வாருங்கள்:

- பி.எச்: 7.2 முதல் 7.6 வரை
- மொத்தக் காரத்தன்மை: 80 முதல் 120 பிபிஎம் வரை
- கல்சியம் கடினத்தன்மை: கொங்கிறீட், பூச்சுத் தொட்டிகளுக்கு 200 முதல் 400 பிபிஎம் வரை, வினைல் லைனருக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கலாம்

பிபிஎம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் என்று கொள்ளலாம். கோடையில் சிறிதளவு பிசகு பெரிதாகத் தெரியாது. குளிர்காலத்தில் தெரியும். தண்ணீர் குளிரக் குளிர, சுண்ணாம்பைக் கரைக்கும் ஆற்றல் அதற்குக் கூடும். கல்சியமும் பி.எச்சும் குறைந்த தண்ணீர், கொங்கிறீட் தொட்டியின் பூச்சை மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும்.

கொள்ளளவைக் கணக்கிடுதல். எந்த மருந்தின் அளவும் தண்ணீரின் அளவைப் பொறுத்தது. செவ்வகத் தடாகமானால் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீற்றரில் பெருக்கி, 1,000 ஆல் பெருக்கினால் லீற்றர் வரும். 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், ஒரு முனையில் 1 மீற்றரும் மறுமுனையில் 2 மீற்றரும் ஆழம் என்றால் சராசரி 1.5 மீற்றர், ஆகத் தண்ணீர் 75,000 லீற்றர். இதில் காரத்தன்மையை 10 பிபிஎம் உயர்த்த ஏறத்தாழ 1.25 கிலோ அப்பச்சோடா வேண்டும். குளோரீனை 10 பிபிஎம் உயர்த்த, 12 சதவீதத் திரவக் குளோரீன் ஏறத்தாழ ஆறேகால் லீற்றர் வேண்டும். உங்கள் தடாகத்தின் கணக்கை ஒருமுறை போட்டு, பம்ப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள், கோடையிலும் உதவும்.

அதிர்ச்சிக் குளோரீன். மூடுவதற்கு நான்கைந்து நாட்களுக்கு முன், பொழுது சாய்ந்த பிறகு, குளோரீனை 10 பிபிஎம் அளவுக்கு ஏற்றுங்கள். வெயில் குளோரீனைச் சிதைக்கும் என்பதால் மாலை நேரமே ஏற்றது. தூள் குளோரீனானால் முதலில் ஒரு வாளி தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கரையாத தூள் லைனரில் படிந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். எப்போதும் தண்ணீருக்குள்தான் மருந்து. மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரவு முழுவதும் பம்ப் ஓடட்டும்.

பாசிக்கொல்லி. குளோரீன் 3 பிபிஎம் அளவுக்கு இறங்கிய பிறகே பாசிக்கொல்லியை ஊற்றுங்கள். குளோரீன் மிகுதியாக இருக்கும்போது ஊற்றினால் அது பாசிக்கொல்லியையே அழித்துவிடும். குளிர்காலத்துக்கு 60 சதவீதப் பொலிகுவாட் வகை நல்லது. நுரைக்காது, செம்பு வகை போலக் கறையும் விடாது, நெடுநாள் தங்கும்.

செய்யக் கூடாதது. குளோரீன் வில்லைகளை மிதவையில் போட்டு மூடுதுணிக்குக் கீழே விட்டுவிடாதீர்கள். மிதவை ஒரே இடத்தில் ஒதுங்கி, அங்கே லைனரை வெளுக்கச் செய்து பலவீனப்படுத்தும்.

## மூடும் நாளுக்கு எடுத்து வைக்க வேண்டியவை

- ஒவ்வொரு நீர்வாய்க்கும், அதாவது வடிகட்டிய தண்ணீர் தடாகத்துக்குத் திரும்பும் சுவர்த்துளைக்கும், பொருந்தும் இறப்பர் பிளக்குகள். அளவு சரிபார்த்து, ஒன்றிரண்டு மேலதிகமாக
- ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் (மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் சுவர்வாய்) ஒரு கிஸ்மோ. அதாவது ஸ்கிம்மரின் அடியில் திருகிப் பொருத்தும் உட்கூடான பிளாஸ்டிக் குழல்
- காற்று ஊதும் இயந்திரம், அல்லது ஊதும் துளையுள்ள கராஜ் வக்கூம்
- தடாகங்களுக்கென விற்கும் நஞ்சற்ற உறைதடுப்புத் திரவம். புரோப்பிலீன் கிளைக்கோல் வகை
- முழங்கை வரை நீண்ட இறப்பர் கையுறை
- டெஃப்ளான் நாடா, நிறப்பேனை, சிறு பிளாஸ்டிக் பைகள்

காருக்கு ஊற்றும் உறைதடுப்பான் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல். இனிப்பான சுவையுள்ள நஞ்சு அது; குழந்தைக்கும் நாய்க்கும் பூனைக்கும் உயிராபத்து. தடாகத்தின் குழாய்க்குள் அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

## படி 1: நீர்மட்டத்தைக் குறைத்தல்

முதலில் மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் கழுவி, அழுக்கை வெளியேற்றுங்கள். பின்னர் நீர்மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்பிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே வரை இறக்குங்கள். பாதுகாப்பு மூடுதுணி போடுபவர்கள் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவைக் கடக்கக் கூடாது. பொதுவாகத் தளமட்டத்திலிருந்து 45 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். பனி குவிந்து துணி தாழும்போது அதைக் கீழிருந்து தாங்குவது தண்ணீர்தான்.

இறக்கும் தண்ணீரை எங்கே விடுவது என்பதும் உங்கள் பொறுப்பு. வீதியோர மழைநீர் வடிகாலில் விழும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. ஹைலண்ட் கிரீக், ரூஜ் போன்ற ஆறுகள் வழியாக நேரே ஒன்ராறியோ ஏரிக்குப் போகிறது. அதிலுள்ள குளோரீனும் உப்பும் மீனுக்குக் கேடு. அதிர்ச்சிக் குளோரீன் போட்ட மறுநாள் தண்ணீரை இறக்காமல், குளோரீன் தணியும் வரை பொறுங்கள். உப்பு நீர்த் தடாகங்களுக்கு விதி இன்னும் கடுமை. நகரசபைக்கு நகரசபை ஒழுங்கு வேறுபடும்; ரொறன்ரோவில் 311ஐ அழைத்துக் கேட்டால் சொல்வார்கள். அயலவரின் வளவுக்குள் தண்ணீரைத் திருப்புவது எங்குமே அனுமதியில்லாத செயல்.

## படி 2: குழாய்களை ஊதுதல்

மூடும் வேலையின் இதயம் இந்தப் படிதான். வேறு எதை அவசரமாகச் செய்தாலும் சரி, இதை ஆறுதலாகச் செய்யுங்கள்.

பம்பின் மின் பிரேக்கரை அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நேரக்கருவி அதைத் திரும்பப் போட்டுவிடும். பம்பின் வடிதுளைத் திருகையோ கூடையறையையோ காற்றுக் குழாய்க்கான வழியாக்குங்கள். மணல் வடிகட்டியின் பல்வழி வால்வை, தண்ணீர் மணல் தொட்டிக்குள் போகாமல் சுற்றிவரும் நிலைக்கு மாற்றுங்கள். வடிகட்டித் தொட்டிக்குள் அழுத்தக் காற்றை அடைக்கவே கூடாது. மூடி பெயர்ந்து எறியப்பட்டு ஆளைக் கொல்லக்கூடிய விசை அதற்கு உண்டு. கொம்பிரசர் பாவிப்பவர்கள் அழுத்தத்தை மிகக் குறைத்து வைக்க வேண்டும். நமக்கு வேண்டியது நிறையக் காற்று. அழுத்தமான காற்று அல்ல.

நீர்வாய்கள். ஊதத் தொடங்கியதும் சுவரிலுள்ள நீர்வாயைக் கவனியுங்கள். முதலில் குழாயில் கிடந்த கலங்கல் தண்ணீர் ஒரே வீச்சில் வெளிவரும். அடுத்து நீரும் காற்றும் கலந்து விட்டுவிட்டுக் குமுறும். இங்கேதான் பலர் பிளக்கை அடித்துவிடுகிறார்கள். பொறுங்கள். குழாயின் தாழ்ந்த வளைவுகளில் இன்னும் தண்ணீர் கிடக்கும். குமிழிகள் சீராக, இடைவிடாமல், ஒரே தடிப்பில் வரத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடம் ஊதுங்கள். காற்று வந்துகொண்டிருக்கும்போதே கையை நீருக்குள் விட்டு, பிளக்கை வாயில் அழுத்தித் திருகி இறுக்குங்கள். காற்றை நிறுத்திவிட்டுப் பிளக் அடித்தால், அந்த இடைவெளியில் தடாகத்து நீர் குழாய்க்குள் திரும்பிவிடும். இயந்திரத்துக்கு அருகிலுள்ள நீர்வாயை முதலில் அடையுங்கள். காற்று அடுத்ததைத் தேடிப் போகும். கடைசி வாய் வரை இப்படியே.

ஸ்கிம்மர். இப்போது காற்றை உறிஞ்சு குழாய்ப் பக்கம் திருப்புங்கள். ஸ்கிம்மரின் அடித்துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கிளம்பும். முகத்தைத் தள்ளி வையுங்கள். வெறும் காற்று வந்ததும், கிஸ்மோவின் புரியில் டெஃப்ளான் நாடா சுற்றி, கையால் இறுகத் திருகுங்கள். உள்ளே அரை லீற்றர் உறைதடுப்பான் ஊற்றலாம். குளிர்காலத்தில் ஸ்கிம்மருக்குள் மழைநீர் சேர்ந்து உறைந்தாலும், அந்த வீக்கம் கிஸ்மோவை நசுக்கும். ஸ்கிம்மரின் சுவர் தப்பும்.

அடிவாய். தடாகத்தின் அடியிலுள்ள வாய்க்குப் பிளக் அடிக்க முடியாது. அங்கே காற்றே தடை. அதன் வால்வைத் திறந்து ஊதுங்கள். ஆழப்பகுதியின் நடுவில் பெரிய குமிழிகள் எழும்பும். நன்றாக எழும்பிக்கொண்டிருக்கும்போதே வால்வை அடைத்துவிடுங்கள். குழாயில் அகப்பட்ட காற்று, தண்ணீரை மேலே ஏற விடாது. அந்த வால்வில் "வசந்தம் வரை திறக்காதே" என்று ஒரு சீட்டுக் கட்டுங்கள். யாராவது தெரியாமல் திருப்பினால் செய்த வேலை முழுவதும் வீண்.

ஒரு குழாய் ஊதப்பட்டதா என்று சந்தேகம் இருந்தால், மீண்டும் ஊதுங்கள். உறைதடுப்பான் ஊற்றுவது ஊதுவதற்குப் பதிலாகாது. எஞ்சிய தண்ணீரோடு கலந்து நீர்த்துப்போன உறைதடுப்பானும் உறையும்.

## படி 3: இயந்திரங்கள்

பம்ப். பெரும்பாலான பம்புகளுக்கு இரண்டு வடிதுளைகள் உண்டு. இரண்டையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற அறையில் தண்ணீர் நிற்கும்.

மணல் வடிகட்டி. அடியிலுள்ள வடிதுளையைத் திறந்து முழுவதும் வடியவிடுங்கள். மணலை எடுக்கத் தேவையில்லை. பல்வழி வால்வைக் குளிர்கால நிலையிலோ, இரண்டு நிலைகளுக்கு நடுவிலோ நிறுத்துங்கள். அழுத்தமானியையும் சிறு பார்வைக் கண்ணாடியையும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். உருளை வடிகட்டியானால் உருளையை எடுத்துக் கழுவி, காயவைத்து, உள்ளே வையுங்கள்.

சூடாக்கி. எரிவாயு வால்வை அடையுங்கள். வெப்பமாற்றியின் எல்லா வடிதுளைகளையும் திறந்து, மெல்ல ஊதி, கடைசித் துளி வரை வெளியேற்றுங்கள். இதன் செம்புக் குழல்கள் மெல்லியவை. திருத்தும் செலவு மிகப் பெரிது. எரிவாயு இணைப்பில் நம்பிக்கை இல்லாவிட்டால் உரிமம் பெற்ற தொழில்நுட்பவியலாளரை அழையுங்கள்.

உப்புக் கலம். கழற்றி, தகடுகளில் வெண்படிவு இருந்தால் தயாரிப்பாளர் சொன்னபடி சுத்தம் செய்து, உள்ளே வையுங்கள்.

குளோரீன் ஊட்டி. எஞ்சிய வில்லைகளை எடுத்துவிடுங்கள். வில்லைக் குளோரீனும் தூள் குளோரீனும் ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றி வெடிக்கலாம். ஒரே அகப்பையைக் கூட இரண்டுக்கும் பாவிக்க வேண்டாம். அமிலத்தையும் குளோரீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். சேர்ந்தால் நச்சுவாயு வரும். திரவக் குளோரீன் காலப்போக்கில் வலுவிழக்கும். அதனால் அடுத்த கோடைக்கென்று வாங்கிச் சேர்ப்பதில் பயனில்லை.

கழற்றிய ஒவ்வொரு திருகையும் பையில் போட்டுப் பெயர் எழுதி, எல்லாப் பைகளையும் பம்பின் கூடைக்குள் வையுங்கள். அடுத்த வசந்தத்தில் எவர் திறந்தாலும் தேடுவது அங்கேதான். ஏணி, கைப்பிடி, குதிபலகை ஆகியவற்றைக் கழற்றி உள்ளே வையுங்கள்.

## படி 4: மூடுதுணி

சந்தையில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விலை மட்டுமல்ல, உயிர்ப்பாதுகாப்பும்கூட.

பாதுகாப்பு மூடுதுணி. தளத்தில் பதித்த பித்தளை ஆணிகளில் சுருள்வில்லும் பட்டியும் கொண்டு இழுத்துக் கட்டப்படுவது. வாங்கும்போது ஏஎஸ்டிஎம் எஃப்1346 தரத்துக்கு ஏற்றதா என்று கேளுங்கள். அந்தத் தரத்தின்படி, இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் சேர்ந்த எடையாகக் கொள்ளப்படும் 485 இறாத்தலை, அதாவது ஏறத்தாழ 220 கிலோவை, துணி தாங்க வேண்டும். தவறி ஏறிய பிள்ளையும் தூக்க ஓடிய பெற்றோரும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கின் பொருள் விளங்கும். வலைநெசவு வகையில் மழைநீர் கீழே இறங்கிவிடும்; ஆனால் நுண்தூசியும் சிறிது வெளிச்சமும் உள்ளே போகும். அடைத்த வகையில் தண்ணீர் சுத்தமாக இருக்கும். ஆனால் மேலே தேங்கும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டும்போது எல்லாச் சுருள்விற்களும் ஏறத்தாழப் பாதியளவு அமுங்கியிருக்க வேண்டும்.

தார்ப்பாய் வகை. விளிம்பில் தண்ணீர்ப் பைகளை வரிசையாக வைத்து அழுத்துவது. பைகளை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், உறையும்போது வெடிக்கும். கல்லோ செங்கல்லோ வைக்காதீர்கள். தடாகத்துக்குள் விழுந்தால் லைனர் கிழியும். இந்த வகை இலையையும் வெளிச்சத்தையும் மட்டுமே தடுக்கும். ஆளைத் தாங்காது. ஒரு பிள்ளை அதில் ஏறினால் துணி கீழே அமிழ்ந்து பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும். துணியின் மேல் தேங்கும் சில சென்ரிமீற்றர் தண்ணீர்கூட ஒரு குழந்தையை மூழ்கடிக்கப் போதும்.

எந்த வகையானாலும் வேலிக் கதவு தானாகச் சாத்தி, தாழ் விழ வேண்டும். குளிர்காலத்தில் பனி குவிந்து கதவு திறந்தபடியே நிற்பது அடிக்கடி நடப்பது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## நிலத்துக்கு மேல் நிற்கும் தடாகம்

தண்ணீரும் குழாய் வேலையும் மேலே சொன்னவாறே, ஆனால் எளிது. பம்பையும் இணைப்புக் குழாய்களையும் முழுவதும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். மூடுதுணிக்குக் கீழே நடுவில் ஒரு காற்றுத் தலையணையை மிதக்கவிட்டுக் கட்டுங்கள். பனிக்கட்டி சுவரை நோக்கித் தள்ளாமல் அந்தத் தலையணையை நசுக்கும். தலையணையை முக்கால் பங்கு மட்டும் ஊதுங்கள். துணியின் விளிம்பைக் கம்பியும் இறுக்கியும் கொண்டு கட்டி, காற்று உள்ளே நுழையாமல் பாருங்கள்.

## குளிர்காலத்தில் கவனிக்க வேண்டியவை

- மழைக்குப் பிறகு அடைத்த துணியின் மேல் தேங்கும் நீரைச் சிறிய பம்பால் இறையுங்கள். பம்பை இரவில் வெளியே விட்டால் உறைந்து பழுதாகும்.
- புதிய பனியை மென்மையான தும்புத்தடியால் மட்டும் தள்ளுங்கள். பனி அள்ளும் சவளோ உலோக மண்வெட்டியோ வேண்டாம்.
- துணியின் மேல் உறைந்த பனிக்கட்டியை உடைக்க வேண்டாம். துணி கிழியும், அடியிலுள்ள சுவருக்கும் அதிர்ச்சி போகும். தானாக உருகட்டும்.
- மாதம் ஒருமுறை துணியின் ஓரத்தைத் தூக்கி நீர்மட்டத்தைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. தாங்கும் நீர் இல்லாமல் பனிப்பாரத்தில் துணி அறுந்துவிடும். குளிர் தணிந்த ஒரு நாளில் நீரை நிரப்பி, கசிவுக்கு ஆளை அழையுங்கள்.

## ஆள் பிடித்துச் செய்விப்பவர்களுக்கு

முதன்முறை மூடுபவர்கள் அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு செய்விப்பது நல்லது. ஓகஸ்டிலேயே நாள் குறியுங்கள். ஒக்டோபரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். அமர்த்துமுன் இவற்றைக் கேளுங்கள்: எல்லாக் குழாய்களையும் ஊதுவீர்களா? அடிவாயையும் சேர்த்தா? சூடாக்கியை வடிப்பது கூலிக்குள் அடங்குமா? உறைபனியால் குழாய் வெடித்தால் பொறுப்பு யாருடையது? விடையை எழுத்தில் வாங்குங்கள். வேலை நடக்கும்போது அருகில் நின்று, எத்தனை பிளக் அடித்தார்கள், எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று கைப்பேசியில் படம் எடுங்கள். அடுத்த ஆண்டு நீங்களே செய்ய அந்தப் படங்கள் போதும்.

## வசந்தத்தில்

பாசி விழித்தெழுமுன் திறக்க வேண்டும். மே மாதத் தொடக்கத்தில், தண்ணீர் மீண்டும் 15 பாகையைத் தாண்டுமுன் திறந்தால், விக்டோரியா நாள் நீண்ட வார இறுதிக்குள் தெளிந்த நீர் கிடைக்கும். பிளக்குகளை எடுக்குமுன் மூடுதுணியின் மேலுள்ள அழுக்கு நீர் உள்ளே கொட்டாமல் இறையுங்கள். எடுத்த பிளக்குகளை எண்ணுங்கள். அடித்த எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒத்துப்போன பிறகே பம்பைப் போடுங்கள்.

## மூடி முடித்ததும் சரிபார்க்க

1. தண்ணீர் தெளிவு, பி.எச், காரத்தன்மை, கல்சியம் சரி, பாசிக்கொல்லி ஊற்றியாயிற்று.
2. நீர்மட்டம் ஸ்கிம்மருக்குக் கீழே, தடாகம் வெறுமையாக்கப்படவில்லை.
3. எல்லா நீர்வாய்களும் ஊதப்பட்டுப் பிளக் அடிக்கப்பட்டன, ஸ்கிம்மரில் கிஸ்மோ, அடிவாய் வால்வு காற்றோடு அடைக்கப்பட்டது.
4. பம்ப், வடிகட்டி, சூடாக்கி வடிந்தன, திருகுகள் கூடைக்குள்.
5. பிரேக்கரும் எரிவாயுவும் அணைந்தன.
6. மூடுதுணி இறுக்கம், வேலிக் கதவின் தாழ் விழுகிறது.

இந்த ஆறில் ஐந்தைச் செய்தவர் மூடி முடித்தவர் அல்லர். ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். வளர்ந்த பிள்ளைகளையும் கூட நிறுத்தி, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று காட்டிக்கொடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத ஒரு குளிர் இரவில் வால்வை அடைக்கவும் பிரேக்கரை அணைக்கவும் தெரிந்த இன்னொருவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும்.